உப்புக்காற்றில் ஒரு பெடல் பலகை: திருகோணமலையில் பேஸ் கலைஞர் ஒருவருக்குச் செய்த பலகையும் பெட்டியும்

திருகோணமலையில் கோயில் திருவிழா, கலியாண மண்டபம், உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்கள் என்று வாசித்துவரும் ஓர் இசைக்குழு இருக்கிறது. அதன் பேஸ் கிற்றார் கலைஞருக்காக, ஒலியை மாற்றக் காலால் அழுத்தும் பெடல்களை ஒன்றாகப் பிடித்துவைக்கும் ஒரு பெடல் பலகையும் அதைக் கொண்டுதிரிய ஒரு பெட்டியும் செய்தோம். வரைபடமும் மின்வேலையும் என்னுடையவை. மரவேலை, வள்ளம் கட்டிப் பழகிய ஓர் ஓடாவியாருடையது. பெடல் பலகை செய்வது பற்றிய விளக்கங்கள் நிறையவே கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை குளிரான ஊர்களில், சீரான மின்சாரத்தை நம்பி, கிற்றார் வாசிப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. கடலோரத்தில் பேஸ் வாசிக்கிற ஒருவருக்கு முதலில் தீர்க்க வேண்டியவை மின்சாரமும் காற்றும்தான். எந்தப் பெடலை எங்கே வைப்பது என்பதெல்லாம் அப்புறம் வரும் கேள்வி. இந்தப் பலகையை அந்த ஒழுங்கில்தான் செய்தோம். எழுதுவதும் அந்த ஒழுங்கில்தான்.

முன்பு இருந்த நிலை

அவரிடம் இருந்தவை ஆறு பெடல்கள்: சுருதி பார்க்கும் பொஸ் டியூ-3 ட்யூனர், மூத்த கலைஞர் ஒருவரிடமிருந்து கைமாறி வந்த, சுரத்தின் கீழ் ஒக்டேவையும் ஒலிக்கச்செய்யும் பொஸ் ஓ.சி.-2 ஒக்டேவ், சத்தத்தின் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் ஒரு கொம்பிரசர், ஒலியைக் கரகரப்பாக்கும் ஓர் ஓவர்டிரைவ், ஒலியைத் தடிப்பாக்கும் பொஸ் சி.ஈ.பி.-3 கோரஸ், எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒலியை நேரே மிக்சருக்கு அனுப்பும் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் டி.ஐ. துவாயில் சுற்றி ஒரு பயணப் பையில் போட்டுக்கொண்டு போவார். ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரியும் வயர் ஒன்று ஆறுக்கும் மின்சாரம் கொடுத்தது. மேடையில் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, வயர் மாட்டி, எது கரகரக்கிறது என்று தேட வேண்டும். ஜாக்குகளில் பச்சை பூத்திருந்தது. ஓவர்டிரைவின் உள்ளீட்டு ஜாக், மேடை வயர் இழுபட்டு இழுபட்டு, உள்ளே இருந்த சுற்றுப்பலகையிலிருந்தே கழன்றுகொண்டிருந்தது.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த குறைகள். அவரை உண்மையில் வாட்டியது வேறொன்று. ஜி சுரம் மட்டும் ஆடுகிறது என்றார். கம்பியை மாற்றிப் பார்த்திருக்கிறார், கழுத்தில் சுரங்களைப் பிரிக்கும் ஃப்ரெட்டைச் சந்தேகித்திருக்கிறார், கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்பின் உயரத்தையும் கூட்டிக் குறைத்திருக்கிறார். கிற்றாரில் ஒரு குறையும் இல்லை.

ஐம்பதும் நாற்பத்தொன்பதும்

இலங்கையின் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நான்கு கம்பி பேஸில் ஈ கம்பியைத் திறந்தபடி மீட்டினால் 41.2 ஹெர்ட்ஸ். அதே கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி, 49 ஹெர்ட்ஸ். அதே 50 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் மின்சார இரைச்சலுக்கும் அந்தச் சுரத்துக்கும் நடுவே ஒரேயொரு ஹெர்ட்ஸ்தான் இடைவெளி. இரண்டும் சேர்ந்து ஒலித்தால் விநாடிக்கு ஒரு தடவை சத்தம் பொங்கித் தணியும். அடாப்டரில் சரியாக வடிகட்டப்படாமல் மிஞ்சும் இரைச்சல் 100 ஹெர்ட்ஸில் வரும். பேஸின் திறந்த ஜி கம்பி 98. அங்கே விநாடிக்கு இரண்டு தடவை ஆடும். அவர் கேட்டது இதைத்தான். அவருடைய காது சரியாகவே வேலை செய்திருக்கிறது.

கிற்றாரின் மிகத் தாழ்ந்த கம்பி 82 ஹெர்ட்ஸுக்கு மேலே தொடங்குகிறது. அதனால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கிற்றார்காரருக்குத் தன் சுரங்களுக்கெல்லாம் கீழே தனியாகக் கேட்கும். வேண்டுமென்றால் அந்தப் பகுதியை வெட்டியும் விடலாம். பேஸில் அது சுரங்களின் நடுவிலேயே குடியிருக்கிறது. மிக்சரில் 50ஐ வெட்டினால் பேஸின் அடித்தளமும் சேர்ந்து போய்விடும். இதற்கு மேல் கொம்பிரசர் வேறு: வாசிப்பு நிற்கும் இடங்களில் அது சின்னச் சத்தங்களை உயர்த்திக் காட்டும், இரைச்சலும் சேர்ந்து உயரும்.

ஜெனரேட்டரில் ஓடும் மேடைகளில் நிலைமை இன்னும் மோசம். விளக்குகளும் ஸ்பீக்கர்களும் ஒன்றாக இழுக்கும்போது சிறிய ஜெனரேட்டரின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் அதிர்வெண்ணும் குறையும். 50 என்பது 49ஐத் தொட்டால் இரைச்சல் சுரத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிடும். ஆகவே பேஸ் பலகையில் இரைச்சலை வந்த பிறகு மறைக்க வழியில்லை. வராமல் செய்ய வேண்டும்.

மின்சாரம்

கிளைவயரில் எல்லாப் பெடல்களின் எர்த்தும் மின்வயர் வழியே ஒருமுறை இணைகிறது, பெடலுக்குப் பெடல் போகும் ஒலிவயரின் உறை வழியே மறுபடியும் இணைகிறது. இப்படி உருவாகும் வளையங்கள் அக்கம்பக்கத்து மின்காந்தப் புலத்தையெல்லாம் பிடித்து உள்ளே கொண்டுவரும். இதற்கு மருந்து, ஒவ்வொரு வெளியீடும் மற்றவற்றிலிருந்து முழுக்கப் பிரிக்கப்பட்ட மின்வழங்கி. முழு வேலையிலும் அதிகப் பணம் போனது இதற்குத்தான். மரம், அலுமினியம், ரெக்சின் எல்லாம் சேர்ந்தாலும் அதன் விலைக்குக் கிட்ட வரவில்லை. பணம் குறைவாக இருந்தால் பலகையைப் பழைய மரத்தில் செய்யுங்கள், பெட்டியை அடுத்த வருடம் செய்யுங்கள், மின்வழங்கியை மட்டும் முதலில் வாங்குங்கள் என்பேன்.

நாங்கள் எடுத்தது வெளியே இருக்கும் 18 வோல்ட் அடாப்டரில் ஓடும் வகை. 230 வோல்ட் சுவரோடு நின்றுவிடுகிறது. பலகைக்கு வருவது தாழ்ந்த நேர்மின்சாரம் மட்டும். டிரான்ஸ்ஃபோமர் வாங்கி மின்வழங்கியை நாமே கட்டலாம் என்ற யோசனையும் இருந்தது. அதை நான் ஏற்கவில்லை. காலடியில் கிடக்கும், ஈரம் படும், மேடையில் யாராவது தண்ணீர்ப் போத்தலைத் தட்டிவிடும் ஒரு மரப்பலகைக்குள் 230 வோல்ட் வரவே கூடாது.

மின்னோட்டக் கணக்கு எளிது. அவருடைய அனலொக் பெடல்கள் ஒவ்வொன்றும் சில பத்து மில்லி ஆம்பியருக்குள் அடங்கும். 100 மில்லி ஆம்பியர் தரும் வெளியீடு போதும். பின்னால் டிஜிட்டல் பெடல் ஒன்று சேர்ந்தால் அது 100இலிருந்து 300 வரை கேட்கக்கூடும் என்பதால் பெரிய வெளியீடு ஒன்றைக் காலியாக விட்டிருக்கிறோம். முனைகள் எல்லாம் 5.5க்கு 2.1 மி.மீ., நடுவில் எதிர்முனை.

ஓ.சி.-2 மட்டும் புதிரான கதை. 1982இல் வந்த இந்தப் பெடலின் தொடக்ககாலப் பிரதிகள் ஏ.சி.ஏ. என்ற பழைய அடாப்டருக்காகச் செய்யப்பட்டவை. அந்த அடாப்டர் சீராக்கப்படாதது. 12 வோல்ட்டை ஒட்டித் தரும். பெடலுக்குள், எர்த் வழியில் இருக்கும் ஒரு தடையும் டயோடும் அதை 9க்குக் கொண்டுவரும். சீரான 9 வோல்ட்டைக் கொடுத்தால் அதுவும் குறைந்துதான் உள்ளே போகும். விளக்கு மங்கும், கீழ் ஒக்டேவ் உடைந்து உடைந்து வரும். புது மின்வழங்கியில் மாட்டியதும் அப்படியே நடந்தது. பழைய கிளைவயரில் ஒழுங்காக வேலைசெய்த பெடல், விலை கூடிய மின்வழங்கியில் படுத்துவிட்டதே என்று அவருக்குப் பெரிய வருத்தம். கிளைவயரில் அது புதிய வகைப் பெடல்களோடு எர்த்தைப் பகிர்ந்துகொண்டிருந்தது. மின்னோட்டம் அந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு பக்கத்துப் பெடல் வழியே திரும்பியது. பிரிக்கப்பட்ட வெளியீட்டில் அந்தக் குறுக்குவழி அடைபட்டுவிடுகிறது. 12 வோல்ட்டுக்கு மாற்றக்கூடிய வெளியீட்டில் மாட்டியதும் விளக்கும் ஒலியும் பழையபடி வந்தன. பழைய பொஸ் பெடல் வைத்திருப்பவர்கள் அடியிலோ மின்முனைக்குப் பக்கத்திலோ ஏ.சி.ஏ. என்று போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புதிய வகைப் பெடலுக்கு 12 கொடுத்துப் பார்க்க வேண்டாம்.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். டி.ஐ. வழியாக மிக்சருக்கும், இன்னொரு வயரால் மேடை அம்ப்புக்கும் ஒரே நேரத்தில் போகும்போது, இரண்டும் வெவ்வேறு பிளக் பொயின்ட்டில் இருந்தால் பெரிய எர்த் வளையம் ஒன்று உருவாகும். அந்த இரைச்சலைப் போக்க 13 ஆம்பியர் பிளக்கின் எர்த் இணைப்பைக் கழற்றிவிடும் பழக்கத்தை மேடைகளில் பார்த்திருக்கிறேன். அம்ப்பில் ஒரு கசிவு ஏற்பட்டால், கம்பியைப் பிடித்தபடி மைக்கில் வாய் வைப்பவரின் உடல்தான் அடுத்த எர்த். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டி.ஐ. பெட்டிகளில் ஒலிவயரின் எர்த்தை மட்டும் துண்டிக்கும் சுவிட்ச் இதற்காகவே வருகிறது. அது இல்லையென்றால் அம்ப்பையும் மிக்சரையும் ஒரே பொயின்ட்டிலிருந்து எடுங்கள்.

பலகை

பொஸ் பெடல் ஒன்று 73 மி.மீ. அகலம், 129 நீளம், 59 உயரம். பக்கத்துக்குப் பக்கம் இரண்டு தட்டை ஜாக்குகள் முட்டாமல் நிற்க 30 மி.மீ. இடைவெளி வேண்டும். வரிசைக்கு நான்கு பெடல் என்றால் 382 மி.மீ. இரண்டு வரிசைக்கும் நடு இடைவெளிக்கும் 290க்குக் கிட்ட. ஓரங்களையும் சேர்த்து 500க்கு 320 என்று வைத்துக்கொண்டோம். ஆறு பெடலுக்கு எட்டு இடம். மிச்சம் இரண்டையும் நிரப்பச் சொல்லி அவருக்கு ஆசை வரும், வரட்டும்.

மரத்தைப் பற்றி ஓடாவியாருக்குத் தெளிவான கருத்து இருந்தது. அவர் வாங்கில் கையால் தட்டிக்கொண்டே சொன்னார்: "முதிரையில செய்தா உன்ர பேரப்பிள்ளையும் இதில வாசிக்கும் தம்பி. ஆனா ஆர் தூக்கிறது?" மரக்காலையிலிருந்து மகோகனி வந்தது. 60 மி.மீ. அகலம், 18 மி.மீ. தடிப்பில் நான்கு சட்டங்கள், நடுவே 26 மி.மீ. இடைவெளி. முழுப் பலகையாக இல்லாமல் சட்டங்களாகப் போட்டதால் வயர்கள் எந்த இடத்திலும் கீழே இறங்கலாம், காற்றும் ஓடலாம். பக்கவாட்டில் முக்கோணமாக அறுத்த இரண்டு தாங்கிகள்: முன்பக்கம் 22 மி.மீ. உயரம், பின்பக்கம் 80. சாய்வு 10 பாகையை ஒட்டி வருகிறது. பின்வரிசையை அழுத்தும்போது முன்வரிசைக் குமிழ்களில் சப்பாத்து படாது. பின்பக்கத்து வெற்றிடத்தில் மின்வழங்கி தலைகீழாக ஓர் அலுமினியப் பட்டியில் தொங்குகிறது.

வலது ஓரத்தில் சின்ன அலுமினியப் பெட்டி ஒன்று இருக்கிறது. மேடை வயர்கள் அதற்கு அப்பால் போவதில்லை: உள்ளீடு, அம்ப்புக்கான வெளியீடு, 18 வோல்ட் மூன்றும் அங்கேயே மாட்டப்படும். யாராவது வயரில் கால் தடுக்கினால் இழுபடுவது அந்தப் பெட்டியின் நட்டுப் போட்ட ஜாக். அதை மாற்ற மலிவு, பெடலின் ஜாக்கை மாற்ற அப்படியில்லை. உள்வயர்கள் எல்லாம் நானே ஈயம் வைத்து ஒட்டியவை. ஈயம் இல்லாமல் திருகி இறுக்கும் ஜாக்குகள் வேலையை வேகமாக்கும். ஆனால் அவற்றில் தொடுகை ஓர் ஊசிமுனையில்தான் நிற்கிறது, உப்புக்காற்று அந்த முனையைத்தான் முதலில் தின்னும்.

வரிசை: ட்யூனர், ஒக்டேவ், கொம்பிரசர், ஓவர்டிரைவ், கோரஸ், டி.ஐ. ஒக்டேவ் முன்னால் வரக் காரணம், அது ஒற்றைச் சுரத்தைப் பின்தொடர்ந்து அதன் பாதியை உண்டாக்கும் கருவி. கிற்றாரிலிருந்து நேரே வரும் சுத்தமான ஒலிதான் அதற்குப் பிடிக்கும். ஈ கம்பியின் அடிச்சுரங்களில் எப்படியும் தடுமாறும், அது அதன் சுபாவம்.

பெடல்களைப் பிடித்துவைப்பது

எல்லோரும் வெல்க்ரோ ஒட்டுவார்கள். இங்கே கச்சான் காற்றுக் காலத்தில், வெயிலில் நிறுத்திய வானுக்குள் கிடந்த பெட்டியைத் திறந்தால், வெல்க்ரோவின் பசை இளகி வழிந்திருக்கும். பெடலைத் தூக்கினால் பட்டி பலகையோடு நிற்கும், பசை பெடலோடு வரும். அதனால் சைக்கிள் செயினுக்குப் போனோம். இது பல நாட்டுக் கலைஞர்களும் செய்துவரும் பழைய வழி. செயினின் ஒரு இணைப்புத் தகட்டில் இரண்டு துளைகள், 12.7 மி.மீ. இடைவெளியில். ஒன்றைப் பெடலின் அடித்தகட்டுத் திருகாணியோடு சேர்த்து இறுக்கலாம், மற்றதை மரத்தில் திருகாணியால் பிடிக்கலாம். திருகாணிக்கு ஏற்றபடி துளையைச் சிறிது பெரிதாக்க வேண்டியிருக்கும். மூலைக்கு மூலை எதிராக இரண்டு தகடு போட்டால் ஒரு பெடல் அசையாது.

சைக்கிள் திருத்துகிற கடையில் பழைய செயின் சும்மாவே கிடைக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, தகடுகளைக் கழற்றி, இரண்டு தடவை பெயின்ட் அடித்தோம். பெயின்ட் இல்லாமல் போட்டால் ஒரு மாரி தாங்காது. பெடலை மாற்ற ஸ்குரூ டிரைவர் வேண்டும் என்பது உண்மைதான். அவர் அடிக்கடி பெடல் மாற்றுபவர் இல்லை. மாற்றுபவராக இருந்தால் இந்த வழியைச் சொல்லியிருக்க மாட்டேன்.

மரத்திலும் அலுமினியத்திலும் போட்ட ஆணிகள் எல்லாம் ஸ்டெயின்லெஸ். மீன்பிடிப் படகுச் சாமான் விற்கும் கடையில் நல்லது கிடைக்கும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஸ்டெயின்லெஸும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் நேரே தொட்டால் அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து உதிரும். ஒவ்வொரு ஆணிக்கும் கீழே நைலோன் வொஷர் போட்டிருக்கிறோம்.

பெட்டி

முழு வேலையிலும் அதிகமாக யோசிக்க வைத்தது பெட்டிதான். சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். திருகோணமலையில் இரவுக் காற்று அந்த எல்லையைத் தாராளமாகத் தாண்டும். கடற்கரை மேடையில் வாசித்துவிட்டு வந்தால் பெடல்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் இருக்கும். இரவில் அது நனைந்த படலம். அதை அப்படியே காற்றுப் புகாத பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் ஈரத்தைப் பாதுகாத்து வைத்ததாகிவிடும்.

இதற்கு நேர்மாறான சூழ்நிலையும் உண்டு. ஏசி போட்ட மண்டபத்தில் சில மணிநேரம் இருந்த பெடலின் உலோகம் 20, 21 பாகைக்கு வந்திருக்கும். வெளியே இரவுக் காற்றின் பனிபடுநிலை, அதாவது ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, அதைவிட உயரத்தில். திறந்தபடி வெளியே கொண்டுவந்தால் உள்ளே இருக்கும் சுற்றுப்பலகை வரை வியர்க்கும். அப்போது பெட்டியை மண்டபத்துக்குள்ளேயே மூடி, வெளியே வந்த பிறகும் மூடியபடி வைத்து, உள்ளே சூடு ஏறிய பின்தான் திறக்க வேண்டும்.

ஆக, ஒரே பெட்டி சில இரவுகளில் நன்றாக மூடவும் சில இரவுகளில் நன்றாகக் காற்று விடவும் வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்களில் 25 மி.மீ. துளை ஒவ்வொன்று போட்டு, உட்புறம் நுளம்பு வலையும் வெளிப்புறம் ரப்பர் மூடியும் வைத்தோம். ஏசி மண்டபம் என்றால் மூடி போட்டபடி, உள்ளே சிலிக்கா ஜெல் பையோடு. கடற்கரை மேடை என்றால் பெடல்களைச் சற்று ஈரமான துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்து, ரப்பரைக் கழற்றிக் கொண்டுவந்து, வீட்டில் மின்விசிறிக்குக் கீழே திறந்துவைக்க வேண்டும். நீல மணிகள் உள்ள சிலிக்கா ஜெல் ஈரம் நிறைந்ததும் இளஞ்சிவப்பாகும். சூடாக்கி உலர்த்தினால் மறுபடி வேலை செய்யும்.

கட்டுமானம்: மேலும் கீழும் 6 மி.மீ. ப்ளைவூட், பக்கங்கள் 9 மி.மீ. உள்ளளவு 530, 350, உயரம் 165. ப்ளைவூட் நீரைக் குடிப்பது அறுத்த ஓரத்தால்தான். ஓடாவியார் எல்லா ஓரத்துக்கும், ஒவ்வொரு துளையின் உள்விளிம்புக்கும் எபொக்சி பூசினார். படகுக்குப் போடும் பொலியெஸ்டர் ரெசின் கைவசம் இருந்தது. ஆனால் வெறும் மரத்தில் எபொக்சி பிடிக்கிற அளவுக்கு அது பிடிக்காது என்று அவரே வேண்டாம் என்றார். வெளியே ரெக்சின், மூலைகளில் அலுமினியக் கோணம், ரிவிட். பூட்டும் கொண்டிகளும் ட்ரங்குப் பெட்டி செய்பவரிடமிருந்து வந்தவை. பிணைச்சல்கள் பித்தளை, ஊசியை உருவினால் மூடி முழுதாகக் கழன்றுவிடும். மேடையில் திறந்த மூடி ஒன்று பின்னால் நின்றுகொண்டிருக்க வேண்டியதில்லை.

உள்ளே மெத்தைக்குச் சாதாரண ஸ்பொஞ்ச் போடவில்லை. அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். சில வருடத்தில் சூட்டிலும் ஈரத்திலும் சிதைந்து ஒட்டும் தூளாகும், அந்தத் தூள் குமிழ்களுக்குள் இறங்கும். செருப்புத் தைப்பவர்கள் வாங்கும் ஈ.வி.ஏ. தகடு தண்ணீரைக் குடிக்காது, அழுத்தத்தையும் தாங்கும். அடியில் 10 மி.மீ., மூடியில் இரண்டு படை.

மேடையில்

முதலில் வீட்டில் சோதித்தோம். கைப்பேசியில் ஒலியின் அதிர்வெண்களைக் காட்டும் செயலியைத் திறந்துவைத்து, கம்பிகளைக் கையால் அடக்கி, பழைய கிளைவயரையும் புதிய மின்வழங்கியையும் மாற்றி மாற்றி மாட்டினோம். கிளைவயரில் 50, 100, 150 மூன்றும் தெளிவாக எழுந்து நின்றன. புதியதில் 100உம் 150உம் பின்னணியோடு கலந்துவிட்டன. 50இல் மெல்லிய தடம் மட்டும் மிஞ்சியது. அது பிக்கப் நேரடியாக அறையிலிருந்து பிடிப்பது, கிற்றாரைத் திருப்பிப் பிடித்தால் கூடிக் குறையும். பலகையால் அதைத் தீர்க்க முடியாது, இரைச்சலை ஒன்றையொன்று ரத்துசெய்யும் இரட்டைச் சுருள் பிக்கப் போட வேண்டும்.

அப்புறம் திருவிழா மேடை, ஜெனரேட்டர் மின்சாரம். மூடியைக் கழற்றி, பலகையைத் தூக்கி வைத்து, மூன்று வயர் மாட்டியதோடு அவர் தயார். மத்தளக்காரர் இன்னும் உட்காரவேயில்லை. ஜி சுரம் ஆடவில்லை. அன்று இரவு அவர் அந்தச் சுரத்தில் நீண்ட நேரம் நின்று வாசித்த இடங்கள் இருந்தன. முன்பெல்லாம் அங்கே சீக்கிரமாக ஓடிவிடுவார். எனக்கு இந்த வேலையின் பலன் அதுதான்.

எல்லாம் சேர்த்து எடை எட்டுக் கிலோவை ஒட்டி வருகிறது. வானில் போகும்போது பிரச்சினை இல்லை, மோட்டார் சைக்கிளில் கிண்ணியாவுக்குப் போகும்போது பிரச்சினைதான். கைப்பிடியை நீளப் பக்கத்தில், முன்வரிசைப் பெடல்கள் இருக்கும் ஓரத்தில் வைத்திருக்கிறோம். தூக்கும்போது மின்வழங்கி இருக்கும் கனமான பக்கம் கீழே போய்விடும், பெட்டி காலில் இடிக்காது. தோளில் மாட்டப் பட்டி வேண்டும் என்று இப்போது கேட்கிறார். பட்டிக்கு வளையம் போட்டால் ப்ளைவூட்டில் புதிதாக நான்கு துளைகள் வரும். ஒவ்வொன்றின் உள்விளிம்புக்கும் எபொக்சி பூசிக் காயவிட வேண்டும் என்பதால், வாடைக்காற்று தொடங்க முன்பே பெட்டி ஓடாவியாரிடம் திரும்பிப் போகிறது.